கார் பார்க்கில நிண்டா தெரியாத ஆக்கள்

1. முதல் நாள்

அண்ணை செத்து ஒரு மாசத்தில அவர்ர வேலைக்கு நான் போனன். லண்டன்ர வெளி விளிம்பில ஒரு ஐஸ் ஹொக்கி ரிங்க். புரொபஷனல் டீம். மட்ச் நாளில கார் பார்க்கில நிண்டு காருகளை ஒழுங்கா விடுறதுதான் வேலை. அண்ணைக்கு ஹார்ட் அட்டாக். சின்ன வயசு. அதுக்கு மேல எழுத எனக்கு ஏலாது.

நான் பள்ளிக்கூடம் ஒழுங்காப் போனதில்ல. பிரான்சில கொஞ்சம், இங்க கொஞ்சம். கதைக்கிற மாதிரித்தான் எழுதுறன். இந்த வேலைக்குப் புதுசா வாற பிள்ளையள் வாசிக்கட்டும்.

முதல் நாள் ஒரு வான்காரன் வாசலை மறிச்சு நிப்பாட்டிப்போட்டுப் போகப் பாத்தான். பின்னால எல்லாரும் ஹோர்ன். எனக்கு வாய் வரேல்லை. மோர்டனில இருந்து ஒவ்வொரு மட்சுக்கும் வாற சிவம் அங்கிள் கண்ணாடியை இறக்கினார்.

"நீ அவன்ர தங்கச்சியோ?"

"ஓம் அங்கிள்."

"அப்ப அழுகையைப் பிறகு பாப்பம். முதல் அந்த வான்காரனைக் கலை. கொண்ணன் எண்டா இந்நேரம் கத்தியிருப்பான்."

கத்தினன். வான் போயிட்டுது. அண்ணை போனபிறகு என்ர குரல் வெளிய வந்தது அண்டைக்குத்தான்.

2. டவுன் கதை

சீசன் நடுவில மனேஜர் எல்லாரையும் கூப்பிட்டார். "இங்க பாதி சீட் காலி. டவுனுக்குள்ள பெரிய அரீனா ஒண்டு கிடைக்கும் போல. ஒரு ட்ரையல் மட்ச் வைப்பம். பிறகு மீட்டிங் போட்டு முடிவெடுப்பம்."

கார் பார்க் கொதிச்சுது. சிவம் அங்கிள் வழமை போல டிக்கியைத் திறந்து ரோல்ஸும் பிளாஸ்க்கில தேத்தண்ணியும் குடுத்துக்கொண்டு நிண்டார்.

"டவுனில நான் காரை எங்க விடுறது? தேம்சுக்குள்ளயோ?"

"மோர்டனில இருந்து ரியூப் ரெயின் ஒரே லைன்தானே அங்கிள்."

"லைன் ஒண்டுதான். படி எத்தினை? என்ர முழங்காலைக் கேட்டனியோ?" ரோல்ஸை என்ர கையில வைச்சார். "மீட்டிங்கில நீ எழும்பிச் சொல்லு. கொண்ணன் நிண்ட இடம். நீ சொன்னா மனேஜர் வாய் திறக்கமாட்டார்."

சொல்லுறன் எண்டன். டவுன் அரீனாவுக்குக் கார் பார்க் இல்லை. கிளப் போனா அண்ணை நிண்ட இடமும் போயிடும். அவர் நிண்டு காரை விட்ட லைற் போஸ்டடியில நிக்கேக்கதான் எனக்கு மூச்சு வரும். அதை ஒருத்தருக்கும் விட்டுக்குடுக்கிறேல்லை எண்டு முடிவெடுத்தன்.

3. ட்ரையல் மட்ச்

அண்டைக்கு என்னை ரியூப் ஸ்டேஷன் வாசலில விட்டிச்சினம். அரீனாவுக்கு வழி காட்டுறது வேலை. ஆக்கள் வரக்கூடாது, அரீனா காலியாக் கிடக்கோணும் எண்டு நினைச்சுக்கொண்டுதான் நிண்டன்.

கெயார் ஹோம் யூனிபோமில ஒரு அக்கா ஓடி வந்தா. கழுத்தில எங்கட டீம் ஸ்கார்ஃப். தோய்ச்சுத் தோய்ச்சு நிறம் போன ஸ்கார்ஃப்.

"தமிழோ தங்கச்சி? கேட் எங்கால?"

"இந்தப் பக்கம் அக்கா. உங்களை நான் ரிங்கில கண்டதில்லையே?"

"எப்பிடிக் காணுவீர்? நான் ஒருநாளும் வரேல்லையே. பிளேஸ்டோவில இருக்கிறன், கார் இல்லை. மட்ச் முடிய அங்கயிருந்து பஸ்ஸும் இல்லை. வருசக் கணக்கா ஃபோன்லதான் பாக்கிறன்."

"இண்டைக்கு?"

"ஷிப்டால நேர வாறன். விடும், தொடங்கப்போறாங்கள்! அந்தக் கோல் காக்கிற கோலியை நான் ஃபோன்ல ஏசி ஏசிக் களைச்சுப் போனன். இண்டைக்கு அவன்ர காதில விழோணும்."

போயிட்டா. அவவுக்குப் பின்னால அவவை மாதிரி இன்னும் கன பேர், எல்லாரும் வழி தெரியாமல் முழிச்சுக்கொண்டு.

எனக்குக் கோவம் வந்தது. ஏன் இந்த மனுசி என்னட்ட வந்து கேட்டவ எண்டு. கார் பார்க்கில நிண்டு, எங்கட ஃபான்ஸ் எல்லாரிட்டயும் கார் இருக்கெண்டு நினைச்சுக்கொண்டிருந்திருக்கிறன்.

சிவம் அங்கிள் கடைசியா வந்தார், சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு. அவர்ர முகத்தைப் பாக்கவும் ஏலேல்லை.

4. மீட்டிங்

பழைய ரிங்க் கன்ரீனில மீட்டிங். அங்கிள் முழங்கையால இடிச்சார். "எழும்பு."

எழும்பினன். என்ர உடைஞ்ச இங்கிலீஷில சொன்னன்: "இது என்ர அண்ணை நிண்ட இடம். இதை விட்டுப்போக எனக்கு விருப்பமில்லை."

எல்லாரும் கை தட்டிச்சினம்.

"ஆனா இங்க வர ஏலாத ஆக்களை டவுனில கண்டனான். அவையும் எங்கட ஆக்கள்தான். போவம். அதுக்காகப் படி ஏற ஏலாத இவையளை விட்டிட்டுப் போகேலாது. மட்சுக்கு மட்ச் இங்கயிருந்து ஒரு கோச் பஸ் விடுங்கோ, அரீனாக் கதவடியில இறக்கோணும்."

கை தட்டல் நிண்டுது. "நல்லாக் கவிட்டுப்போட்டாய்," எண்டார் அங்கிள்.

மனேஜர் அதை எழுதிக்கொண்டார். "கோச் விடலாம். நீ இங்கயே நிண்டு ஆக்களை ஏத்திவிடு. உன்ர அண்ணைன்ர இடத்திலயே நிக்கலாம்."

நான் கேக்காமலே கிடைச்சுது. இல்லையெண்டு தலையாட்டினன்.

"ஏத்திவிட வேற ஆளைப் போடுங்கோ. இவையளுக்கு வழி தெரியும். எனக்கு ஸ்டேஷன் வாசலைத் தாங்கோ."

5. இப்ப

கிளப் டவுனுக்கு வந்திட்டுது. அங்கிள் கொஞ்ச நாள் என்னோட கதைக்கேல்லை. பிறகு ஒருநாள் கோச்சால இறங்கி நேர வந்தார். "இறங்கிற இடத்தில இருக்க ஒரு கதிரை இல்லை. என்ன கிளப் நடத்துறியள்?" சண்டை பிடிச்சு ரெண்டு கதிரை எடுத்துப் போட்டன்.

புதுசா வேலைக்கு வாற ஆக்களுக்கு நான் சொல்லுறது இதுதான். நீங்கள் நிக்கிற இடத்தில தெரியிற ஆக்கள் மட்டும்தான் கஸ்டமர் எண்டு நினைக்காதேங்கோ. வராத ஆக்கள் ஏன் வரேல்லை எண்டு ஒருக்காப் போய்ப் பாருங்கோ. வீட்டில ஒருத்தர் இல்லாமல் போயிட்டா வேலையில நிக்கேக்கயும் அழுகை வரும். அழுங்கோ. ஆனா வழி காட்டுற கையைக் கீழ விடாதேங்கோ.