குதிரைக்கால் பயில்வான்

ஏணிக்காரர் முப்பது வருஷத்துக்கு மேல் போஸ்டர் ஒட்டியவர். அவர் காய்ச்சிய பசைக்குச் சுவர் இடிந்தாலும் போஸ்டர் அப்படியே நிற்கும் என்று ஊரில் ஒரு பேச்சு. கிளப்பிவிட்டவர் அவரேதான்.

அப்பேர்ப்பட்டவர் ஒரே ஒரு தடவை சறுக்கினார். பெரிய போஸ்டர் மேல் தாள், கீழ்த் தாள் என்று இரண்டாக வரும். அவசரத்தில் மல்யுத்தப் பயில்வானின் மேல் பாதிக்கு அடியில் குதிரைப் பந்தயத்தின் கீழ் பாதியை ஒட்டிவிட்டார். மேலே முறுக்கு மீசை, கீழே நாலு குளம்பு! போகிற பஸ்ஸெல்லாம் நின்று பார்த்துச் சிரித்தது. முதலாளி, "எவன்டா ஒட்டினது?" என்று குதித்தபோது, ஏணிக்காரரின் விரல் தானாகப் போய், பசை வாளியோடு நின்ற மச்சினனைக் காட்டியது. மச்சினன் மறுக்கவில்லை. அன்றிலிருந்து அவன் பேர் 'குதிரைக்கால் பயில்வான்'. அவன் கல்யாணத்திலேயே நாலு பேர் குதிரை மாதிரி கனைத்தார்கள்.

ஏணிக்காரரின் மனைவியும் தம்பியை வாய் ஓயாமல் திட்டினாள். உண்மை தெரிந்தால் அவள் தன்னைச் சுவரோடு சேர்த்து ஒட்டிவிடுவாள் என்பதால் ஏணிக்காரர் மூச்சு விடவில்லை.

இப்போது அருங்காட்சியகத்தில் விளையாட்டுப் போஸ்டர் கண்காட்சி. மூவரும் போனார்கள். எல்லாரும் படத்தைப் பார்க்க, ஏணிக்காரர் மட்டும் மூலைகளைத் தடவப் போய்க் காவலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"கண்ணாடி போட்டு ஆணில மாட்டியிருக்கான் மாப்ள! சொட்டுப் பசை இல்ல. இதெல்லாம் ஒரு வேலையா?"

இரண்டாவது அறையில் ஏணிக்காரரின் கால் நின்றுவிட்டது. கதவளவு பெரிய கலர் போட்டோ. அதே சுவர், அதே குளம்பு. ஏணியில் முதுகு காட்டி ஒருவர், கீழே வாளியோடு ஒருவன்.

"தாகமா இருக்கு. வெளிய போலாம் வாங்க."

"இப்பதானே ஒரு குளத்தையே குடிச்சீங்க?" என்றபடி மனைவி போட்டோவில் மூக்கை வைத்தாள். ஏணியில் நின்றவரின் சட்டை முதுகில் மஞ்சள் பூப்போட்ட ஒட்டுத்துணி. "இது நான் ஜன்னல் திரைய வெட்டித் தச்சதாச்சே! அப்ப ஏணில நீங்க, வாளியோட இவன். ஒட்டினது யாருங்க?"

ஏணிக்காரர் மச்சினனின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"நான்தான். பயந்து போய் இவனக் கைகாட்டிட்டேன்."

அவள் தம்பி பக்கம் திரும்பினாள். "நீ ஏன்டா வாயில வாளிய வச்சிருந்த?"

"உனக்கு அப்ப ஏழாம் மாசம்க்கா. மாமாவுக்கு வேலை போயிருந்தா?"

அவளுக்குக் கண் கலங்கியது. புருஷனைப் பார்த்ததும் உடனே காய்ந்தது.

அந்த நேரம் பார்த்துக் கண்காட்சிப் பெண் வந்தாள். "இந்தப் படத்துக்குத்தான் கூட்டமே. ஒட்டினவர் யாருன்னு தெரிஞ்சா கீழ எழுதி வச்சுடுவோம்."

ஏணிக்காரர் வாயைத் திறப்பதற்குள் மச்சினன் முன்னே பாய்ந்தான். "எழுதிக்கோம்மா, குதிரைக்கால் பயில்வான்! நான்தான்." பிறகு காதோடு, "இத்தனை வருஷம் கனைப்பு வாங்கினது நான், மாமா. பேரும் எனக்குத்தான்."

"நல்லா குண்டு எழுத்துல போடுங்கம்மா," என்றார் ஏணிக்காரர்.

"ஒட்டுத்துணி என் கைவேலை. அதையும் போடுங்க," என்றாள் மனைவி.

வீடு வரும்வரை அவள் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் படியில் கால் வைத்ததும், பின்னாலிருந்து கனைத்தாள்.