பிளாரன்ஸ் அக்கா அன்று அறிவித்தாள்

எங்கள் ஊர் மீன் ஏலக்கூடத்தின் மேல் நான்கு பக்கமும் ஒலிபெருக்கி கட்டியிருக்கிறார்கள். முன்பெல்லாம் சாயங்காலம் கோயிலில் ஜெபமாலை முடிந்ததும் அதில் பிளாரன்ஸ் அக்காவின் குரல் வரும். "மீனவர்களின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்குவாள். காற்று எந்தப் பக்கமிருந்து எவ்வளவு வேகத்தில் வீசும், அலை எவ்வளவு உயரம் எழும், படகு இறக்கலாமா கூடாதா என்று சொல்வாள். ஒரு தனியார் அறக்கட்டளை அவளை அந்த வேலைக்கு வைத்திருந்தது. தகவல் அவள் செல்போனுக்கு வரும். அதை அவள் அப்படியே ஒப்பிக்க மாட்டாள். தென்மேற்குக் காற்று என்று வந்திருந்தால் "கச்சான்" என்று எங்கள் ஊரில் வழங்கும் பெயரையும் சேர்த்துச் சொல்வாள்.

ஞாயிறு பூசையில் வாசகம் படிப்பவளும் அவள்தான். பிளஸ் டூ முடித்தவள், கல்யாணம் ஆகவில்லை, அப்பா செத்த பிறகு தனியாக இருந்தாள். சொத்து, உறவு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஊரில் அவளுக்கு இருந்த மரியாதை முழுவதும் அந்தக் குரலால் வந்தது.

ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் ஓயாது. தினமும் ஒரே எச்சரிக்கைதான் வரும். கேட்டுக் கேட்டு ஆண்களுக்கு அலுத்துவிடும்.

"ஏளா பிளாரன்ஸு, உன் வாயில ஒருநாளாவது நல்ல காத்து அடிக்காதா?" என்று கேட்பார் ஊர்க் கமிட்டித் தலைவர் சிலுவை.

"நீங்க பல்லு வெளக்கிட்டு வந்தியன்னா அடிக்கும் அண்ணாச்சி" என்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஆனியில் ஒரு சாயங்காலம் எச்சரிக்கை கடுமையாக வந்தது. இடையிடையே அறுபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் காற்று, மூன்று மீட்டருக்கு மேல் அலை, யாரும் கடலுக்குப் போக வேண்டாம். அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். அப்போது ஏலக்கூடத்துக் குழாயில் தண்ணீர் பிடிக்க ரீனா வந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம், வயிற்றில் பிள்ளை. புருஷன் கிளைட்டன், ஜாய்சனுடைய பைபர் படகில் தொழிலுக்குப் போகிறவன்.

"அக்கா, எங்க வீட்டுக்காரரு காலைல போவ எஞ்சினுக்கு எண்ணெ ஊத்திக்கிட்டு நிக்காரு. நான் சொன்னா கேக்க மாட்டாரு. நீங்க இன்னொரு தரம் சத்தமாச் சொல்லுங்கக்கா."

அக்கா மூன்றாவது தடவை படித்தாள். முடிவில் சும்மா இருக்காமல், "ஏலே கிளைட்டன், ஒன்னயத்தான் சொல்லுதேன். வீட்டுல கிட" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டாள். ஊரே சிரித்தது.

கரையில் ஜாய்சன் அதைப் பிடித்துக்கொண்டான். "மைக்குல பேரு வந்துட்டுலே மாப்ள. இனிமே நீ வீட்டுல கெடந்தா, பொண்டாட்டி சேலையக் கட்டிக்கிட்டுத்தான் வெளிய வரணும்." கச்சான் காலத்தில் படகு குறைவு, கொண்டுவருகிற மீனுக்கு நல்ல விலை. ஜாய்சனுக்கு அந்த ஆசை. கிளைட்டனுக்கு ரோஷம். விடியும்போது படகை இறக்கினார்கள்.

மத்தியானம் திரும்பி வரும்போது, கரைக்குப் பக்கத்தில் அலை உடைகிற இடத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. படகு குறுக்கே திரும்பியது. அடுத்த அலையில் கவிழ்ந்தது. நாங்கள் எல்லோரும் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஜாய்சன் நீந்தி ஏறினான். கிளைட்டன் இரண்டு நாள் கழித்து ஆலந்தலைக்கு வடக்கே ஒதுங்கினான்.

அடக்கம் முடிந்ததும் நிவாரணப் பேச்சு வந்தது. எச்சரிக்கை கொடுத்த பிறகு அதை மீறிப் போயிருந்தால் குடும்பத்துக்கு ஒன்றும் கிடைக்காது என்று விசாரிக்க வந்த அதிகாரி சொல்லிவிட்டார். ஊரில் அறிவித்தார்களா என்று மறுநாள் கேட்கப் போவதாகவும் சொன்னார். சிலுவை அண்ணாச்சி ரீனாவையும் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார்.

"நீ அன்னைக்கி அறிவிக்கலன்னு சொல்லணும்."

"மைக் ரிப்பேர்னு சொல்லட்டுமா அண்ணாச்சி?"

"ரிப்பேர்னா வயரப் புடிச்சிச் சோதிச்சிப் பாப்பான். மறந்துட்டேன்னு சொல்லு. மறதிய எவன் சோதிப்பான்?"

"ஊரு என்னய என்ன பேசும்?"

"ஊரு என்னத்தப் பேசும்? எங்க எல்லாருக்கும் காது இல்லியா? நீ சொன்னத நாங்க கேட்டோம்லா!"

ரீனா அக்காவின் காலடியில் உட்கார்ந்து அழுதாள். மைக்கில் அவன் பெயரைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை போயிருக்க மாட்டான் என்ற எண்ணம் அக்காவுக்கு ஏற்கனவே இருந்தது. சரி என்றாள்.

விசாரணை ஏலக்கூடத்தில் எல்லோர் முன்னாலும் நடந்தது.

"மறந்துட்டேன் சார்."

"மறந்துட்டீங்களா? கொழம்புக்கு உப்புப் போட மறந்த மாதிரி சொல்றீங்க. ஒரு உயிரும்மா!"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அதிகாரி அடுத்து ஜாய்சனைக் கேட்டார். "ஒரு சத்தமும் கேக்கல சார். கேட்டிருந்தா போயிருப்போமா?" என்றான். அவன் குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை.

ரீனாவுக்குப் பணம் வந்தது. அறக்கட்டளை அக்காவை வேலையிலிருந்து எடுத்துவிட்டது. இப்போது யாரோ ஒருவரின் பதிவு செய்த குரல் ஒலிபெருக்கியில் வருகிறது, காற்றுக்குப் பெயர் சொல்லாமல்.

முதலில் ஊர் அவளைத் தாங்கியது. படகு வந்தால் யாராவது ஒரு சீலா மீன் துண்டைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அது மெல்ல நின்றது. பிறகு பிள்ளைகள் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார்கள். "மீனவர்களின் கனிவான கவனத்திற்கு, நான் மறந்துட்டேன்!" என்று அவள் வாசலில் கத்திவிட்டு ஓடுவார்கள். பெரியவர்களும் சிரித்தார்கள். எங்கள் ஊரில் பட்டப்பெயர் இல்லாத வீடு கிடையாது. அவளுக்கு 'மறதி' என்று வைத்தார்கள்.

கடைக்காரர் கேட்பார்: "ஏளா மறதி, காசு குடுத்தியா, இல்ல அதுவும் மறந்துட்டியா?"

வெளியூரிலிருந்து கல்யாணமாகி வந்த பெண்களுக்கு அது வேடிக்கைப் பெயர் என்று தெரியாது. அவர்கள் அதை நிஜமென்று நம்பி, அவளைக் கண்டால் பிள்ளையை இழுத்துக்கொண்டார்கள். ஜாய்சன், "அவ அன்னைக்கி வாயத் தொறந்திருந்தா என் கூட்டாளி இருப்பான்" என்று முதலில் வெளியாட்களிடம் சொன்னான். பிறகு அறிவிப்பைக் காதால் கேட்ட எங்களிடமே சொன்னான். மறுத்தால் ரீனாவின் பணத்துக்கு வம்பு வரும் என்று ஆரம்பத்தில் யாரும் மறுக்கவில்லை. அப்புறம் மறுக்க வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை. கோயில் வாசகத்தையும் வேறொரு பெண்ணிடம் கொடுத்தார்கள். "ரெண்டு ஞாயித்துக்கிழம போவட்டும்" என்றார் சிலுவை அண்ணாச்சி. அதோடு சரி.

இந்த வருஷம் கிளைட்டனின் இரண்டாம் வருஷ நினைவுப் பூசை. ரீனா வீட்டுப் பந்தலில் சாப்பாடு போட்டார்கள். அக்காவும் வந்தாள். ரீனா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பந்தல் வாசலை மறித்தாள்.

"எதுக்கு வந்திய?"

"சாப்பிட வரலளா. பிள்ளயப் பாத்துட்டுப் போவலாம்னு."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா இவனுக்கு அப்பன் இருப்பாருல்லா? தெனமும் படிச்சியள, அன்னைக்கி மட்டும் உங்க நாக்கு எங்க போச்சி?"

வெளியாள் யாராவது இருக்கிறார்களோ, அதற்காகத்தான் இப்படிப் பேசுகிறாளோ என்று அக்கா சுற்றிப் பார்த்தாள். எல்லாம் எங்கள் ஊர் முகங்கள்தான். பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னாள்.

"ஏளா ரீனா, நீ கொடத்தோட வந்து நின்னியே. சத்தமாச் சொல்லுங்கன்னு நீதான கேட்ட?"

ரீனாவுக்கு ஏதோ நினைவு வந்த மாதிரி வாய் திறந்தது. அடுத்த நிமிஷம் அவள் கத்தினாள்.

"அப்பம் தெரிஞ்சேதான் அவரப் போவ விட்டேங்கியளா? நான்தான் என் புருசனக் கொன்னேங்கியளா?"

பிள்ளை வீறிட்டது. சாப்பிட்டவர்கள் சோற்றில் கையை வைத்தபடி நிறுத்தினார்கள். அன்று ஒலிபெருக்கியைக் கேட்டுச் சிரித்தவர்களில் பாதிப் பேர் அந்த வரிசையில் இருந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சிலுவை அண்ணாச்சி தன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா எங்களைப் பார்த்தாள். பிறகு ரீனாவைப் பார்த்தாள். அக்கா எதைச் சொன்னாலும் அதை இனி ரீனா சாகும்வரை மனசில் வைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

"இல்லளா. நீ வரவேயில்ல. நான்தான் என்னமோ மாத்திச் சொல்லுதேன்" என்றாள் அக்கா. "நான் அன்னைக்கி மறந்துட்டேன்."

ரீனா மூச்சு விட்டாள். அக்கா திரும்பி, வெயிலில் தெருவோடு போனாள்.

கறிக்குழம்பு வாளியோடு பரிமாறிக்கொண்டிருந்த ஜாய்சன் சொன்னான்: "பாத்தியளா, இப்பந்தான் தன் வாயால ஒத்துக்கிட்டா."

சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனான்.