ஃபுட் ஸ்டெப்: வேண்டாம்

எங்கள் வீட்டுக்கு எந்தத் தாள் வந்தாலும் அதை முழுசாக, சத்தமாக வாசித்த பிறகுதான் கையெழுத்தோ கைநாட்டோ. மூன்றாம் வகுப்பிலிருந்து வாசிப்பவன் நான். கரன்ட் பில், ரேஷன் ஆபீஸ் நோட்டீஸ், அப்பாவின் காதுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டு, பிற்பாடு என் காலேஜ் அப்ளிகேஷன். இங்கிலீஷானாலும், பிழைக்க வந்த ஊரின் வங்காளமானாலும் வரிக்கு வரி தமிழில் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து, நான் ஒரு வரி முடித்ததும் விரலை ஒரு வரி கீழே இறக்குவாள்.

இந்தப் பழக்கத்துக்குக் காரணம் ஒரு மேஸ்திரி. அப்பா கார்டன் ரீச்சில், கப்பல் கட்டுகிற இடத்தில், கான்ட்ராக்டில் துரு தட்டும் வேலை பார்த்தார். நான் பிறப்பதற்கு முன்னால் ஒருநாள் மேஸ்திரி ஒரு தாளை வாசித்துக் காட்டி, லீவு விஷயம் என்று சொல்லி அப்பாவிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டான். 'நானாகவே வேலையை விட்டு விலகுகிறேன்' என்ற வரியை மட்டும் அவன் வாசிக்கவில்லை. மறுநாள் கேட்டில் நிறுத்தியபோதுதான் அப்பாவுக்குத் தெரிந்தது. வேறொரு கான்ட்ராக்டர் எடுத்துக்கொள்ளும் வரை அம்மாதான் வீட்டை ஓட்டினாள். சால்ட் லேக் அரசாங்கக் குடியிருப்பில், லிஃப்ட் இல்லாத நாலு மாடி ஏறி இறங்கிச் சமையல் வேலை. அப்பாவுக்கு வேலை கிடைத்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. பின்னால் நான் பிறந்து, என் பள்ளிக்கூடச் செலவும் வந்தது. அந்த மாடிகள் எல்லாம் இப்போது அவள் முழங்காலில் இருக்கின்றன.

நான் படித்து, அதே சால்ட் லேக்கில், செக்டர் ஃபைவில் வேலைக்குப் போனேன். ஆபீஸில் மூன்று நண்பர்கள். லீவு கிடைத்தால் ஆளுக்கொரு ஃபோர் வீல் டிரைவ் வண்டியை எடுத்துக்கொண்டு வடக்கே மலையடிவாரத்தில், டுவார்ஸ் பக்கம் ஆற்றுப்படுகையில் இறங்கிவிடுவார்கள். ஒருமுறை நானும் அவர்களோடு போனேன். முட்டளவு தண்ணீரில் உருளைக்கல்மேல் வண்டி நிதானமாக ஏறிப் போனபோதே மனசு போய்விட்டது. அந்த மாதிரி ஒன்று எனக்கும் வேண்டும்.

ஷோரூமுக்கு அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் பெட்ரோல் வண்டி. கப்பல் தகட்டில் சுத்தியல் அடித்து அடித்து அப்பாவுக்குக் காது பாதிக்குமேல் போய்விட்டது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, அவர் என்னைப் பார்த்து, "என்னடா, இன்னும் ஸ்டார்ட் பண்ணலியா?" என்றார். அடுத்தது டீசல். பானெட்மேல் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. "ம், இது ஓடுது."

அங்கே வேலை பார்த்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். விற்க வேண்டும் என்று பேசவில்லை, உள்ளதைச் சொன்னாள். "ஊருக்குள்ளயே டிராஃபிக்ல ஊர்ந்துட்டிருந்தா டீசல்ல புகை ஃபில்டர் அடைச்சுக்கும். ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை ஹைவேல அரைமணி நேரம் நிறுத்தாம ஓட்டணும். முடியாதுன்னா பெட்ரோலே எடுத்துக்கோங்க." என் கணக்குப்படி பெட்ரோல்தான் சரி. ஆனால் அப்பாவின் கை இன்னும் பானெட்மேல் இருந்தது.

அதற்குள் அம்மா கைப்பிடியைப் பிடித்து, கதவுக்குக் கீழே இருந்த ஃபுட் ஸ்டெப்பில் கால் வைத்து, 'முருகா' என்று ஏறி உட்கார்ந்துவிட்டாள். கதவையும் சாத்திக்கொண்டாள். "மாஷிமா, உள்ள ஏசி போடட்டுமா?" என்று அந்தப் பெண் வங்காளத்தில், சித்தி முறை வைத்துக் கேட்டாள். அம்மா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுக் கண்ணாடியை இறக்கி என்னிடம் சொன்னாள்: "மாடியில உக்காந்த மாதிரி இருக்குடா தம்பி. ஏறினதே தெரியல." பத்து நிமிஷம் இறங்கவில்லை.

ஆர்டர் ஃபார்மை வீட்டுக்கு வாங்கி வந்தேன். மறுநாள் ஆபீஸில் நண்பர்களோடு உட்கார்ந்து நிரப்பினேன். டீசல், மேனுவல் கியர், லோ கியரோடு ஃபோர் வீல், முரட்டு டயர். ஃபுட் ஸ்டெப் என்ற இடம் வந்ததும் மூன்று பேரும் சிரித்தார்கள். "அதை மாட்டிக்கிட்டு ஆத்துல இறங்குவியா? முதல் கல்லுலயே இடிச்சு நசுங்கும். கல்யாண ஊர்வலத்துக்கு வேணா வெச்சுக்கோ." எனக்கும் சிரிப்பு வந்தது. 'வேண்டாம்' கட்டத்தில் டிக் அடித்தேன். அடிக்கும்போது அம்மா ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. அடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்து, பாயை விரித்து மூன்று பேரும் உட்கார்ந்தோம். என் பெயரில் வாங்குகிற வண்டி, என் கையெழுத்து. ஆனாலும் தாள் தாள்தானே. வாசித்தேன். இன்ஜின், டீசல். அப்பா தலையாட்டினார். நிறம், சாம்பல். "நல்லது, தூசு தெரியாது" என்றாள் அம்மா. டயர். அடுத்த வரியை விட்டுவிட்டு, மூச்சு விடாமல் மியூசிக் சிஸ்டத்துக்குப் போனேன். அதற்கடுத்து கண்ணாடி. சீட் கவர்.

நிமிர்ந்து பார்த்தால், அம்மாவின் விரல் டயருக்கு அடுத்த வரியிலேயே நின்றிருந்தது.

"இதுல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா, அது சும்மா."

"மத்ததுக்கெல்லாம் இந்தப் பக்கம் கோடு போட்டிருக்க. இதுக்கு மட்டும் அந்தப் பக்கம் போட்டிருக்கியே."

சொல்ல வேண்டியதாகிவிட்டது. கல், ஆறு, நசுங்கும், நண்பர்கள் சொன்னார்கள் என்று என்னவோ உளறினேன். அப்பாவுக்கு எவ்வளவு கேட்டதோ தெரியாது. என் முகத்தையும் அந்த விரலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அம்மாவிடம், கிண்டலாகத்தான், சொன்னார்: "நம்ம மேஸ்திரி மாதிரியே வாசிக்கிறான்டி உன் புள்ள."

அம்மா சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். எனக்குக் காது மடல் சுட்டது. இத்தனை வருஷம் அந்த மேஸ்திரியை நான் திட்டாத திட்டு இல்லை.

"கல்லுல இடிக்கும்னா வேணாம் விடு," என்றாள் அம்மா. "எனக்கு எதுக்கு அது? நான் பஸ்ல போயிக்கறேன். உன் ஆசைக்கு வாங்குற வண்டி." கோபமே இல்லாமல் சொன்னாள். நிஜமாகவே விட்டுக்கொடுக்கிறாள் என்று தெரிந்தது. என் ஸ்கூல் ஷூவுக்காகவும் பரீட்சைக்காகவும் எதை எதையோ இதே குரலில்தான் விட்டிருப்பாள். அப்போதெல்லாம் அது எனக்குக் கேட்கவில்லை.

பழைய டிக்கைக் கோடு போட்டு அடித்துவிட்டு 'வேண்டும்' கட்டத்தில் புதிதாகப் போட்டேன். பக்கத்தில் கையெழுத்தும் போட்டேன். பிறகு முதல் வரியிலிருந்து மறுபடி வாசித்தேன், நிறுத்தி நிறுத்தி. விரல் ஒவ்வொரு வரியாக இறங்கிக் கடைசிக்கு வந்தது. "ம், இப்ப குடுத்துட்டு வா" என்றாள்.

மறுநாள் ஷோரூமில் அந்தப் பெண் ஃபார்மைப் பார்த்தாள். திருத்தியிருந்த இடத்தில் கொஞ்சம் நின்றாள். "நல்லவேளை," என்றாள். "இல்லேன்னா நானே கேட்டிருப்பேன். மாஷிமா அவ்வளவு சந்தோஷமா உட்கார்ந்திருந்தாங்களே." அவளுக்கு நான் சரியாக நன்றிகூடச் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

வண்டி வந்து இப்போது ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஃபில்டருக்காக இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு காலையில் துர்காப்பூர் எக்ஸ்பிரஸ்வேயில் போகிறோம். அரைமணி போதும் என்றாள் அந்தப் பெண். நாங்கள் சக்திகட் வரைக்கும் போய், கடையில் சூடாக லேங்சா இனிப்பு தின்றுவிட்டுத் திரும்புகிறோம். அப்பா முன்சீட்டில் டாஷ்போர்டில் கை வைத்துக்கொண்டு வருவார். அம்மா பின்னால், ஜன்னல் ஓரம். முப்பது வருஷம் இந்த ஊரில் இருந்தும் வயலைப் பார்க்க ஒருநாள்கூட வெளியே போனதில்லை அவள். "ஃபில்டருக்கு மருந்து குடுக்குற நாள் எப்படா?" என்று இப்போது அவளே கேட்கிறாள்.

போன மாதம் நண்பர்களோடு ஆற்றுப்படுகைக்குப் போனேன். அவர்கள் சொன்னது பொய்யில்லை. மூன்றாவது கல்லிலேயே இடது பக்க ஃபுட் ஸ்டெப் இடித்து, நடுவில் பள்ளமாக நசுங்கியது. மூன்று பேரும் இறங்கி வந்து கைதட்டினார்கள்.

அடுத்த ஞாயிறு அம்மா ஏற வந்தவள் குனிந்து பார்த்தாள்.

"என்னடா இது?"

"கல்லு இடிச்சிடுச்சும்மா."

"நான்தான் அப்பவே வேணாம்னேன்ல," என்று சொல்லிக்கொண்டே அந்தப் பள்ளத்தில் கால் வைத்து, கைப்பிடியைப் பிடித்து, ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.