புளியங்கொட்டைகளை நகர்த்திய கை

அந்தப் புளியங்கொட்டைகளை நகர்த்தியது நான்தான். வேறு யாரும் இல்லை… நான்தான்!

என் பெயருக்கு முன்னால் இருக்கும் ‘முனைவர்’ பட்டம் அந்தக் கொட்டைகளின் மேல்தான் நிற்கிறது. ஏழு ஆண்டுகளாக இதை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னை அறியாதவர் என்பதால் வந்த துணிச்சல் இது. நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள்.

புனேயில், லோஹேகாவ் விமானப்படைக் குடியிருப்பில் வளர்ந்த தமிழ்ப்பெண் நான். பொது சுகாதாரத்தில் ஆய்வுக்குச் சேர்ந்தபோது நான் எடுத்துக்கொண்ட பொருள் கேட்பதற்கே அழகாக இருக்கும். நோய்த் தடுப்புத் திட்டத்தை நிபுணர்கள் எழுதி மக்கள் தலையில் கட்டக் கூடாது. மக்களோடு தரையில் உட்கார்ந்து, அவர்களும் நாமுமாகச் சேர்ந்து உருவாக்க வேண்டும். இதை நான் எவ்வளவு உருக்கமாகப் பேசுவேன் தெரியுமா!

புனேயின் கராடிப் பகுதியில் கண்ணாடிக் கட்டடங்கள் எழத் தொடங்கியிருந்த காலம் அது. அவற்றைக் கட்ட வந்த சேலத்துக் குடும்பங்களும் மராட்டியக் குடும்பங்களும் அருகிலேயே ஒரு குடிசைப் பகுதியில் எதிரெதிர் வீடுகளில் இருந்தன. அங்கேதான் செண்பகம் அக்கா எனக்குப் பழக்கமானார். “நம்மூரு பொண்ணு” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாக அழைத்துப் போனார். எதிர்வீட்டு மங்கள் அவருடைய தோழி. இவர் வீட்டுப் புளிக்குழம்பு அங்கே போகும், அவர் வீட்டு பாக்ரி ரொட்டி இங்கே வரும்.

அன்று மதியம் பால்வாடியின் முன்னால் பெண்கள் கூடினார்கள். ரங்கோலிப் பொடியால் தங்கள் தெருவைத் தரையில் வரைந்தார்கள். நோய் எதனால் வருகிறது என்று அவர்கள் சொல்லச் சொல்லப் படமாக்கினோம். சாக்கடைக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய், குப்பை, கொசு, சோப்புப் போடாத கை. ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டைகள். எது பெரிய ஆபத்தோ அதன் மேல் வைக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரின் குரலும் தரையில் தெரிந்துவிடும் என்பதுதான் இந்த முறையின் பெருமை.

கொட்டைகள் குழாயின் மேல் குவிந்தன. சோப்பின் மேல் நான்கோ ஐந்தோ கிடந்தன.

ஆனால் ஆய்வுக் குழு ஒப்புதல் கொடுத்திருந்த என் திட்டம் கை கழுவுதல்! சோப்புச் சுவரொட்டிகள் அச்சாகி என் அறையில் கட்டுக் கட்டாகக் கிடந்தன. மக்களைக் கேட்பதற்கு முன்பே அச்சாகிவிட்டன… சிரிக்கத் தோன்றுகிறதா? சிரியுங்கள். “குழாய் நம் துறை இல்லையம்மா, அது பொறியாளர் வேலை” என்று என் வழிகாட்டி ஏற்கெனவே சொல்லியிருந்தார். குழாய் வென்றால் நான் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

படம் எடுக்கக் கேமராவைத் தூக்கினேன். அப்போது “பாணி ஆலா!” என்று யாரோ கத்தினார்கள். தண்ணீர் வந்துவிட்டது! அந்தத் தெருவில் ஒரு நாளைக்கு அரைமணி நேரம்தான் தண்ணீர். பெண்கள் அத்தனை பேரும் குடத்தைத் தேடி ஓடினார்கள். அந்தக் குழாயை நோக்கித்தான் ஓடினார்கள்.

நான் தனியாக நின்றேன். குனிந்தேன். இரண்டு கையாலும் அள்ளி, குழாயிலிருந்து சோப்புக்கு மாற்றினேன். கலைந்த பொடியை விரலால் சரிசெய்தேன்… அவ்வளவு நிதானம்! பிறகு படம் எடுத்தேன். அவர்கள் திரும்புவதற்குள் கொட்டைகளைப் பையில் அள்ளிவிட்டேன்.

அந்தப் படம் ஆய்வேட்டில் ஏறியது. ‘பெண்களே தேர்ந்தெடுத்த வழி’ என்று கீழே எழுதினேன். சுருக்கத்தை ஒரு சிறு புத்தகமாக்கிச் செண்பகம் அக்காவுக்கும் ஒன்று கொடுத்தேன். அவர் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

மறு ஆண்டு கோடை முடிந்ததும் அவருடைய மகள் பிரேமா தலைப்பிரசவத்துக்கு அம்மா வீடு வருவதாக இருந்தது. பிள்ளைத்தாய்ச்சி வருகிறாளே, மழைக்கு முன் குழாயை மாற்ற வேண்டுமே என்று அக்கா அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வார்டு அலுவலகத்துக்குப் போனார். தாங்கள் வைத்த கொட்டைகள் அதில் சாட்சியாக இருக்கின்றன என்று நம்பிப் போனார்!

திரும்பி நேராக என்னிடம் வந்தார்.

“ஏங்கண்ணு, அந்தாளு படத்தக் காட்டிச் சொல்றான், நீங்களே சோப்புதான் பெருசுன்னு வெச்சிருக்கீங்க, அப்புறம் குழாய் எதுக்குன்னு. நாம குழாய் மேலதான வெச்சோம்?”

அந்த நொடியில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவரோடு அலுவலகத்துக்குப் போய் நின்றிருக்கலாம். ஆய்வேடு அப்போது தேர்வாளர்கள் கையில் இருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“நீங்க தண்ணி புடிக்கப் போனப்ப யாரோ திரும்பி வந்து மாத்தி வெச்சாங்கக்கா.”

“யாரு?”

“சரியா பாக்கலக்கா…”

“மங்கள்தான் மொதல்ல திரும்பி வந்தா” என்றார் அக்கா. நான் மறுக்கவில்லை.

ஆடியில் மழை கொட்டியது. தெருவில் மஞ்சள் காமாலை வந்தது. பலருக்கு வந்தது, பலர் பிழைத்தார்கள். ஏழு மாதக் கர்ப்பிணியான பிரேமா பிழைக்கவில்லை. அசுத்த நீரால் பரவும் அந்தக் காமாலை கர்ப்பிணிகளைத்தான் அதிகம் கொல்லும் என்று படித்தவள் நான். அதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள்! சோப்பால் எத்தனை முறை கழுவினாலும், குடிக்கும் தண்ணீரே சாக்கடையாக இருந்தால்?

கொட்டைகள் இருந்த இடத்திலேயே இருந்திருந்தால் குழாயை மாற்றியிருப்பார்களா? தெரியாது. மாற்றியிருக்கவே மாட்டார்கள் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்கள் இல்லை என்று சொல்வதற்கான காரணத்தை என் கையால் எடுத்துக் கொடுத்தேனே… அதற்கு என்ன சமாதானம் சொல்வது?

பட்டம் வந்தது. வேலை வந்தது. இன்று மாணவர்களுக்கு இந்த முறையை நான்தான் கற்பிக்கிறேன். அதே படத்தைத் திரையில் போட்டு, “மக்களின் முடிவில் கை வைக்காதீர்கள்” என்கிறேன். என் குரல் நடுங்குவதேயில்லை!

குழாயைப் பின்னர் மாற்றினார்கள். போன மாதம் அந்தத் தெருவுக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன், நம்புங்கள். செண்பகம் அக்காவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. பிரேமாவின் படத்துக்குப் பக்கத்தில் என் புத்தகம் இன்னும் இருந்தது.

“வா கண்ணு, எளச்சுப் போயிட்டியே” என்று என்னை உட்கார வைத்துத் தட்டு வைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மங்கள் வாசலில் வந்து நின்று, என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அக்கா எழுந்து போய்த் தன் கதவைச் சாத்தினார்.

“அவ மூஞ்சில முழிக்கக் கூடாதுன்னு இருக்கேன். எம்புள்ளையக் கொன்னவ” என்றார். பிறகு குழம்பை ஊற்றினார்.

புளிக்குழம்பு. நான் சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார்… அதையும் சாப்பிட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.