கோமுகி அணையில் பின்பாரம்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள். மூங்கில்துறைப்பட்டிலிருந்து பஸ் மாறி வந்து கோமுகி அணைக்கரையில் நிற்கிறேன். கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் ஆடிக் காற்று முந்தானையைப் பிடுங்குகிறது. அந்தக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு என் பேத்தி செல்வியின் சின்னப் பாய்ப்படகு கரையை நோக்கிப் பறந்து வருகிறது. இன்று கவிழாமல் வந்தால்தான் பந்தயத்துக்கு எடுப்பார்கள். அவள் படகின் பின்கோடியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"பொண்ணு பயந்துக்கினு பின்னால ஒண்டிக்கிச்சு ஆயா" என்று சிரிக்கிறார், பக்கத்தில் மீன் வறுக்கிறவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"யாருய்யா பயந்தது? நீ கரும்பு வண்டி ஓட்டியிருக்கியா? இறக்கத்துல முன்பாரம் ஏறினா மாடே மண்டி போட்டுடும். காத்து பின்னாலேந்து நெட்டுது. அவ முன்னால வந்து குந்தினா படகு தண்ணிக்குள்ள பூந்துடும். இன்னா தெரியும் உனக்கு?"

பெருங்காற்று ஒன்று அடிக்கிறது. படகின் மூக்கு தண்ணீரில் அமுங்குகிறது. செல்வி இன்னும் பின்னால் சாய்கிறாள். மூக்கு எழும்புகிறது. படகு கரை தொடுகிறது.

மீன்காரர் வறுத்த துண்டு ஒன்றை என்னிடம் நீட்டுகிறார். நான் வாங்கவில்லை.

செல்வி, தலையைத் துவட்டிவிட்டு வந்து, நான் இந்தக் கரையிலேயே எழுதி வைத்திருக்கும் இதைப் படித்துக் காட்டு. அந்த ஆளுக்குக் கேட்கிற மாதிரி, சத்தமாகப் படி.