டெய்லரக்காவின் நம்பர்

தங்கை கிளம்பிப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. தையல் கடைக்கு விடுமுறை நாள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, விளக்குகூடப் போடாமல் டெய்லரக்கா உள்ளே காத்திருந்தாள். வந்த தங்கையின் தோளில் ஒரே ஒரு பை. இடது கண்ணுக்குக் கீழே புருஷன் கொடுத்த நீலம்.

“எந்த ஊருன்னு என்கிட்டகூடச் சொல்லாத. எவனாவது மிரட்டினா உளறிடுவேன்.”

“நீயா? வாயில எப்பவும் நாலு குண்டூசி. அதைத் தாண்டி ஒரு வார்த்தை வெளிய வருமாக்கா?”

சிரித்துக்கொண்டே தங்கை போனிலிருந்து சிம்மை உருவி நீட்டினாள். துணி வெட்டும் கத்தரியில் யாராவது காகிதம் வெட்டினால் ஆளைக் கடித்துக் குதறுகிறவள் டெய்லரக்கா. அன்று அதே கத்தரியால் அந்தச் சிம்மை இரண்டாக வெட்டினாள். கத்தரி முனையில் சின்னதாகப் பல் விழுந்தது.

“செவ்வாய்க்கிழமைல யார் போன்லயாவது பேசுறேன்க்கா,” என்று சொல்லிவிட்டுத் தங்கை ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே போனாள்.

டெய்லரக்காவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. கல்யாணம் கூடிவரவில்லை. ஆள் திரும்ப இடமில்லாத கடை, இரண்டு தையல் மெஷின், கொக்கியும் பட்டனும் தைக்க ஒரு பெண். அந்தப் பெண்ணைத் தெருவே கொக்கிக்காரி என்று கூப்பிட்டது. அளவு நோட்டில் சுற்றுவட்டாரப் பெண்களில் பாதிப் பேரின் இடுப்பும் தோளும் இருந்தன. ‘அவ இடுப்பு எத்தனை?’ என்று யாராவது நைசாகக் கேட்டால், “முதல்ல உன்னோடதை அவகிட்டச் சொல்லிட்டு வரட்டுமா?” என்பாள்.

கடைகளில் பில் போடும்போது நம்பர் கேட்பார்கள் இல்லையா, அதற்கு அந்தக் குடும்பமே டெய்லரக்காவின் நம்பரைத்தான் சொல்லும். விளம்பரத் தொல்லை அவளோடு போகட்டும், பாயின்ட் எல்லாம் ஒரே இடத்தில் சேரட்டும் என்று யாரோ ஆரம்பித்து வைத்தது. அந்தப் பத்து எண்களும் தங்கைக்குத் தன் பெயரைப்போல.

ஐந்தாவது வாரம் ஒரு பெரிய மருந்துக்கடையிலிருந்து மெசேஜ் வந்தது. ‘வாங்கியதற்கு நன்றி.’ கீழே கிளையின் பெயர், பில். எங்கேயோ தூரத்து ஊர். சோப்பு, சீப்பு, வாயில் நுழையாத பெயரில் ஒரு மாத்திரை. கவுன்டரில் கேட்டதும் பழக்கத்தில் தங்கையின் நாக்கு நம்பரைச் சொல்லியிருக்கிறது.

முதலில் பகீரென்றது. பிறகு வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. சீப்பு வாங்கியிருக்கிறாள் என்றால் தலை சீவுகிறாள். சோப்பு வாங்கியிருக்கிறாள் என்றால் குளிக்க ஓரிடம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை தங்கை பேசியபோது சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் இதுவும் நின்றுவிடும். நான் மட்டும்தானே பார்க்கிறேன் என்று விழுங்கிவிட்டாள். அதன்பின் வந்த ஒவ்வொரு பில்லையும் கடிதம் படிப்பதுபோலப் படித்தாள்.

இரண்டு மாதம் போனது. ஒரு வெள்ளிக்கிழமை தங்கையின் புருஷன் கடை வாசலில் வந்து நின்று தன் போனைத் திருப்பிக் காட்டினான். அதே பில்கள்.

“தெரியாது, தெரியாதுன்னு என் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னீங்களேக்கா. நேத்து இருமல் மருந்து வாங்க இந்த ஆப்பைத் திறந்தேன். உங்க தங்கச்சி சீப்பு முதக்கொண்டு இருக்கு.”

அந்தக் கடையின் ஆப்பைத் தள்ளுபடிக்காக டெய்லரக்காவின் நம்பரில் அவன் போட்டுக்கொண்டது இரண்டு வருடத்துக்கு முன்னால். வந்த ஓடிபியை ஒவ்வொரு எண்ணாக அவனுக்கு வாசித்துச் சொன்னதே அவள்தான். மறந்தே போயிருந்தாள்.

“தம்பி, அவளை விட்டுடுப்பா.”

அவன் பஸ் ஏறப் போய்விட்டான். பில்லில் இருந்த கிளையின் நம்பருக்குப் போன் போட்டாள். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று மெஷின் குரல்தான் பேசியது.

ஞாயிற்றுக்கிழமை தங்கை கூப்பிட்டாள். பின்னால் பஸ் இரைச்சல்.

“மருந்துக்கடை வாசல்ல நின்னு, வீடு வரைக்கும் பின்னாலயே வந்துட்டான்க்கா. பின்பக்கச் சுவர் ஏறிக் குதிச்சேன். குதிக்கிற நிலைமையா என்னோடது?”

“நான் சொல்லலடி. உன் பில்லெல்லாம் என் போனுக்கு வரும்ல, அது அவனுக்கும் போயிருக்கு…”

“வந்துட்டு இருந்துச்சா? எத்தனை நாளா?”

“ரெண்டு மாசமா.”

“வாரா வாரம் பேசினோமே. ஒரு வார்த்தை சொல்லலையேக்கா.”

டெய்லரக்காவின் வாயில் குண்டூசி எதுவும் இல்லை. தங்கை போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எந்தச் செவ்வாய்க்கிழமையும் அவள் கூப்பிடவில்லை.

சில நாளில் வேறு விதமான மெசேஜ்கள் வர ஆரம்பித்தன.

“யாருக்கா அந்த மகராசன்? என்கிட்டகூட மறைச்சுட்டியே,” என்று கொக்கிக்காரி போனை உயர்த்திப் பிடித்தாள். “டயபர் தள்ளுபடியாம், தொட்டிலாம்! சும்மா அனுப்ப மாட்டானுங்க. அப்படி என்னத்தை வாங்கின?”

டெய்லரக்கா பழைய பில்லைக் காட்டினாள். கொக்கிக்காரி இரண்டு பெற்றவள். மாத்திரையின் பெயரைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது.

“இது மாசமா இருக்கிறவங்களுக்குக் குடுக்கிறதுக்கா.”

கூடப்பிறந்தவளுக்குத் தெரியாதது கம்பெனிக்குத் தெரிந்திருக்கிறது.

மறுநாள் பக்கத்துத் தெருவில் இருந்த கிளைக்குப் போனாள்.

“இந்த நம்பரைச் சொல்லி வாங்கினவ இப்ப எங்க வாங்குறான்னு பார்த்துச் சொல்லுப்பா.”

“கஸ்டமர் விவரத்தை வெளிய சொல்லக் கூடாதும்மா. பிரைவசி,” என்றார் கவுன்டர்காரர்.

“அவ புருஷனுக்குச் சொன்னீங்களே.”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. “வேணும்னா கணக்கையே அழிச்சிடலாம். நம்பர் சொல்லுங்க.”

அழித்தால் அவனுக்கு எதுவும் போகாது. தனக்கும் எதுவும் வராது. டெய்லரக்கா பத்து எண்களையும் சொன்னாள். அரை நிமிட வேலை.

நம்பரை மாற்றித் தொலை என்று கொக்கிக்காரி எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். தங்கைக்குத் தெரிந்த ஒரே நம்பர் அது, டெய்லரக்கா மாற்றவில்லை. கத்தரியையும் சாணை பிடிக்கக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு வெட்டிலும் பல் விழுந்த இடத்தில் துணி சிக்கியது. சில நாள் மீந்த துணியை மடியில் போட்டுக்கொண்டு ஒரு சின்னச் சட்டைக்குக் கோடு போட உட்காருவாள். அளவு தெரியாது. சுவரிலிருந்து குதித்த அந்த வயிற்றில் பிள்ளை தங்கியதா என்பதே தெரியாது. துணியை மடித்து வைத்துவிடுவாள்.

மூன்றரை வருடம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை போன் ஒலித்தது. மெஷினில் இடித்துக்கொண்டு ஓடிப்போய் எடுத்தாள். அவள் கேள்விப்பட்டே இராத ஒரு கம்பெனியின் மெசேஜ். அழித்த கணக்கிலிருந்த விவரம், அழிப்பதற்கு முன்பே எங்கெங்கோ கைமாறியிருந்தது.

‘வணக்கம்! உங்கள் செல்லக் குழந்தைக்கு இந்த மாதம் மூன்று வயது நிறைகிறது. முதல் பள்ளிப் பைக்கு இருபது சதவீதம் தள்ளுபடி.’