அந்தோணியம்மாள் வாங்கிவரச் சொன்ன அரைப் போத்தல்

லாயாங் லாயாங் என்ற ஊரின் ரயில் நிலையத்துக்குப் பின்னால், அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட அந்தோணியார் கோயிலை ஒட்டி ஒரு கொட்டகை இருந்தது. குடியை விட நினைக்கிற ரப்பர்த் தோட்டத்து ஆட்கள் அங்கே வந்து படுப்பார்கள். அவர்களுக்குக் கஞ்சி ஊற்றியதும், உடம்பு உதறும்போது பிடித்துக்கொண்டதும், கையில் ஜெபமாலையோடு பக்கத்திலேயே காவல் இருந்ததும் அந்தோணியம்மாள்தான். பாதிரியார் மாதம் ஒருமுறை ரயிலில் வந்து பூசை வைத்துவிட்டுப் போய்விடுவார்.

அவள் கணவன் சம்சு என்கிற மட்டச் சாராயத்தைக் குடித்துச் செத்தவன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருட மழையில், லயத்து வீட்டுக்கு நாற்பது அடி தள்ளிச் சாக்கடைக்குள் முகம் குப்புறக் கிடந்தான். அவனை அடக்கம் செய்த அடுத்த மாதமே அவள் நாலு பாய் வாங்கிக் கொட்டகையில் விரித்தாள்.

வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவாள்: "உன் புத்தி இப்ப உன்கிட்ட இல்ல. அது திரும்பி வர்ற வரைக்கும் நான் சொல்றதச் செய். ஏன் எதுக்குன்னு கேக்காத. அதான் மருந்து."

அந்த மருந்தைச் சிந்தாமல் குடித்தவன் ரபேல். பால்மரம் வெட்டுகிறவன், முப்பது வயதிருக்கும். முப்பத்திரண்டாம் வருடத் திருநாளன்று சப்பரத்துக்கு முன்னால் போதையில் விழுந்து கிடந்தான். சப்பரம் தூக்கியவர்கள் அவனைத் தாண்டிக்கொண்டு போனார்கள். மறுநாள் தானாகவே கொட்டகைக்கு வந்தான். ஒரு வருடம் முழுக்கக் குடிக்காமல் இருந்தவன்தான் சப்பரத்துக்குத் தோள் கொடுக்கலாம் என்பது அந்தக் கோயிலின் வழக்கம். அடுத்த திருநாளோடு அவனுக்கு வருடம் நிறைகிறது. அதற்காக ஒரு வெள்ளைச் சட்டை தைத்து வைத்திருந்தான்.

திருநாளுக்கு முந்திய மதியம். அறுபது பேருக்கு அப்பம் சுட வேண்டும். அந்தோணியம்மாளின் கை முழங்கை வரை மாவு. கோயிலைக் கூட்டி முடித்துவிட்டு வந்த ரபேல், "வேற வேலை இருக்காக்கா?" என்று வாசலில் நின்றான்.

"அந்தத் தூக்குவாளிய எடுத்துக்கிட்டுப் போய் அரைப் போத்தல் வாங்கிட்டு வா. மாவுக்கு ஊத்தணும்."

அவன் தூக்கை எடுத்து மூடியை இறுக்கி மூடினான். பிறகு, "சரிக்கா" என்றான். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அப்பமாவு பொங்கக் கள் ஊற்றுவார்கள். வருடா வருடம் அந்தப் பக்கம் போகிற யாராவது வாங்கி வருவார்கள். உப்பைப் போல, தேங்காயைப் போல, அது அவளுக்கு ஒரு சமையல் சாமான். அது கள் என்ற நினைப்பே அவளுக்கு வந்ததில்லை.

நாலரை மணிக்கு, மாவிடிக்க ஒத்தாசைக்கு வந்திருந்த பக்கத்து லயத்துப் புஷ்பவள்ளி கேட்டாள்: "மாவு காஞ்சு போகுது. கள்ளு எங்கக்கா?"

"ஆள் போயிருக்கு."

"யாரு?"

"நம்ம ரபேலு."

புஷ்பவள்ளியின் உலக்கை நின்றது. "ரபேலையா? யாருக்கா அனுப்புனது?"

அனுப்பியது அந்தோணியம்மாளேதான். அவன் போனது இரண்டு மணிக்கு. கள்ளுக்கடை பத்து நிமிட நடை.

மாவுக் கையோடு ஓடினாள். அவளைக் கண்டதும் கடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

"அலாமாக்! கோயிலே கடைக்கு வந்துருச்சு! அக்காவுக்கு ஒரு போத்தல் ஊத்துப்பா!"

பலகைக்குப் பின்னால் கள் ஊற்றிக்கொண்டிருந்த செல்லப்பன் மட்டும் சிரிக்கவில்லை. "ரபேலு ரெண்டு மணிக்கே வாங்கிட்டுப் போயிட்டாருக்கா. கோயிலுக்குன்னாரு. இவனுங்க சிரிச்சானுங்க. நானும் வெளையாட்டுக்கு ஒரு கிளாஸ் சும்மா நீட்டுனேன்."

"குடிச்சானா?"

"இங்க குடிக்கல. வெளிய போய்க் குடிச்சிருந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

திரும்பும்போது அவள் பாதையைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு சாக்கடையாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தாள்.

பாதையிலிருந்து சற்றுத் தள்ளி, தண்டவாளத்துக்கு அடியில் ஓடை போகிற மதகின்மேல் ரபேல் உட்கார்ந்திருந்தான். கால்களுக்கு நடுவே தூக்கு. வலது கையின் ஆள்காட்டி விரலை மட்டும், வேறு யாருடையதோ போல, உடம்பை விட்டுத் தள்ளி நீட்டி வைத்திருந்தான். கள்ளின் இனிப்புக்கு அதன்மேல் செவ்வெறும்பு மொய்த்திருந்தது.

"ரபேலு..."

"கிட்ட வராதீங்கக்கா. மூடியத் திறந்துட்டேன். இந்த விரல உள்ள விட்டுட்டேன்."

"குடிச்சியா?"

"வாய்க்குப் போகல. கழுவலாம்னு குனிஞ்சா கை வாய்ப்பக்கம் வருது. அதான் இப்படியே வெச்சிருக்கேன்."

"எவ்வளவு நேரமா?"

"மூணு மணி ரயில் போனதிலேருந்து."

"கொட்டித் தொலைச்சிருக்கலாமேடா!"

"நீங்க சொன்னீங்களேக்கா. ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாதுல்ல?"

அவள் கிட்டே போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். ஓடைக்கு இழுத்துப்போய்த் தண்ணீருக்குள் அமுக்கினாள். எறும்புகள் தோலைக் கவ்விக்கொண்டு விடவில்லை. ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்தாள். பிறகு தூக்கைக் கவிழ்த்தாள். அவன் மறுபக்கம் திரும்பி நின்றான். கொட்டகைக்கு நடக்கும்போது, "தூக்குல இன்னும் வாடை இருக்கு. நீங்க பின்னால வாங்க, காத்து எதிர வருது" என்றான்.

மறுநாள் அப்பம் பொங்கவே இல்லை. "என்ன அந்தோணியம்மா, அப்பமா, செருப்பா?" என்றார்கள். அவள் அடுத்த இலைக்கு அப்பம் வைத்துக்கொண்டே போனாள். ரபேல் நாலு தின்றான். சாயங்காலம் வெள்ளைச் சட்டையோடு சப்பரத்துக்குத் தோள் கொடுத்தான். வீங்கிய விரலில் துணி சுற்றியிருந்தது. எல்லாரும் சுரூபத்தைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அவள் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு கொட்டகைக்கு வந்தவர்களிடம் பழைய வார்த்தையை அவள் சொன்னதில்லை. "நான் தப்பா ஏதாச்சும் சொன்னா, மாட்டேன்னு சொல்லு. சொல்லிப் பழகு" என்பாள். கஞ்சி ஊற்றுவதற்கு முன்னால் அவர்கள் வாயிலிருந்து அந்த "மாட்டேன்" வர வேண்டும். சிலர் சிரிப்பார்கள். அவள் சிரிக்கமாட்டாள்.

முப்பத்தேழில் ரபேல் குளிர்க்காய்ச்சலில் போனான். ஐந்து வருடமாக ஒரு சொட்டுத் தொடாதவன். அவனுக்கு உறவென்று யாருமில்லாததால் அவளே அவனைக் குளிப்பாட்டினாள். பெட்டி தயாராகிவிட்டது. வெளியே ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"போதும்க்கா," என்றாள் புஷ்பவள்ளி. "அந்த ஒரு விரலையே எவ்வளவு நேரம் கழுவுவீங்க?"